கிழவனை மறைத்த துவாய்

இருபத்திரண்டு நிமிடம் ஓடுகிற ஒரு சிறுவர் படத்தின் மேல் நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். ஆளின் மேல் பொறாமை என்றால் அதைச் சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது. அவனுக்கு விசா கிடைத்தது, இவனுக்குக் கம்பஸில் படிக்க இடம் கிடைத்தது என்று காரணம் காட்டலாம்; கேட்பவர்களும் தலையை ஆட்டுவார்கள். ஒரு கிழவனும் நாயும் வருகிற படத்தைப் பார்த்து வயிறு எரிந்தது என்று யாரிடம் போய்ச் சொல்வது? ஒரே ஒருவரிடம் சொன்னேன். அதுவும் வேறு வழியில்லாமல்.

எண்பத்தைந்தாம் ஆண்டு. பல்கலைக்கழகம் போவதற்கான ஏ.எல். சோதனை எழுதிவிட்டு மறுமொழிக்குக் காத்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் சோதனை என்று ஒன்றை எழுதிய முதல் ஆள் நான். அப்பா யாழ்ப்பாணத்துக் குருநகரில் பிறந்து குருநகர்க் கடலிலேயே தொழில் செய்தவர். கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தில் பெருவிரலை நீட்டுவார். அம்மா சந்தையில் மீன் விற்றார். நான் எழுதி முடித்த பள்ளிக்கூடக் கொப்பிகளை எறிய விடாமல் செபப் புத்தகத்துக்குப் பக்கத்தில் அலுமாரியில் அடுக்கி வைத்திருந்தார். அவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தூசி மட்டும் தட்டுவார்.

எங்கள் பங்குக் கோயிலின் சிறுவர் பாடசாலையை ஒரு கன்னியாஸ்திரி நடத்தினார். எல்லோருக்கும் அவர் சிஸ்ரர்தான். ஒருநாள் பூசை முடிந்து வரும்போது என்னை மறித்தார்.

"சோதினையும் எழுதி முடிச்சிட்டீர். சும்மா மதிலிலை குந்திக்கொண்டு இருக்கிறீர். சனிக்கிழமையிலை வந்து சின்னனுகளுக்கு ஒரு மணித்தியாலம் கதை சொல்லும்."

"எனக்குக் கதை சொல்லத் தெரியாது, சிஸ்ரர்."

"வாசிக்கத் தெரியும்தானே? வாசியும்."

வெளிநாட்டிலிருந்து யாரோ தருமத்துக்கு அனுப்பிய பெட்டி ஒன்று பாடசாலை அலுமாரிக்கு மேல் கிடந்தது. அதற்குள் பத்துப் பன்னிரண்டு படப் புத்தகங்கள். மிகப் பெரியதை எடுத்தேன். தடித்த மட்டை, வழுவழுப்பான தாள், பக்கம் முழுவதும் படம், அடியில் இரண்டு மூன்று வரி. அந்த எழுத்துகள் ஆங்கிலம் போல் இருந்தன, ஆனால் ஆங்கிலம் இல்லை. சில எழுத்துகளின் தலையில் சிறு வளையம் இருந்தது; சில வட்டங்களைக் குறுக்கே ஒரு கோடு வெட்டியிருந்தது. நோர்வேப் புத்தகம் என்று சிஸ்ரர் சொன்னார். அவருக்கும் அந்த மொழி தெரியாது. எனக்குத் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. படம் பார்த்துச் சொல்வான் என்று நினைத்திருப்பார்.

முதல் சனிக்கிழமை முப்பது பிள்ளைகள் வாங்குப் பலகைகளில் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். முதல் பக்கத்தை விரித்துக் காட்டினேன். வெள்ளை நிலம், வெள்ளை மேடுகள், நடுவில் ஒரு மரவீடு, வாசலில் தாடிக்காரக் கிழவன், பக்கத்தில் மண்ணிற நாய். பனிநாடு என்று சொல்ல வாயெடுத்தேன். முன்வாங்கில் இருந்த ஏழு வயதுப் பெட்டைப்பிள்ளை முந்திக்கொண்டாள்.

"சேர், உது ஆனையிறவோ?"

"ஓமடி, உப்பு! உப்புக் குவிச்சுக் கிடக்கு!" என்று பின்வாங்கில் ஒருவன் கத்தினான்.

நான் புவியியல் படித்தவன். அது ஆனையிறவு உப்பளம் இல்லை, உப்பும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் பனி என்றால் அந்தப் பிள்ளைகளுக்கு மார்கழி விடியலில் தலையில் இறங்குகிற ஈரம். அம்மா உடம்பு துடைக்கிற துவாயைத் தலையில் போட்டு அனுப்புகிற விஷயம். அதன் மேல் ஆள் நடக்கலாம், வீடு கட்டலாம் என்றால் சிரிப்பார்கள். முப்பது முகமும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"ஓம், உப்புத்தான்" என்றேன்.

அதற்குப் பிறகு கதை தானாக நடந்தது. கிழவன் உப்பு நாட்டில் இருக்கிறார். அடுத்த பக்கத்தில் அவர் வெள்ளை நிலத்தில் ஒரு வட்டத் துளை போட்டுத் தூண்டில் விட்டுக்கொண்டிருந்தார். அது உப்புக் கிணறு என்றேன். அதற்குள்ளிருந்து இழுக்கிற மீன் எல்லாம் இழுக்கும்போதே கருவாடாக வரும் என்றேன். வாங்குகள் ஆடும் அளவுக்குச் சிரித்தார்கள்.

"காயப்போடத் தேவையில்லையோ சேர்?"

"தேவையில்லை."

"காகம் கலைக்கவும் தேவையில்லையோ?"

"இல்லை."

"அப்ப எங்கடை அம்மாவுக்கு நல்ல சுகம்."

நடுப்பக்கத்தில் கிழவன் அந்தத் துளைக்குள் மார்பு வரை விழுந்து கிடந்தார். நாய் அவருடைய சட்டைக் கையைக் கவ்விக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தில் நான் கனநேரம் நிற்பேன். பெரிய மீனுக்கு ஆசைப்பட்டு விழுந்தார் என்று முதல் கிழமை சொன்னேன். அடுத்த கிழமை தொப்பி விழுந்து, அதை எடுக்கப் போய் விழுந்தார். அதற்கடுத்த கிழமை சுருட்டு. கடைசிப் பக்கம் முழுவதும் நீலத் தண்ணீர். மாரி மழையில் உப்பெல்லாம் கரைந்து போனது என்று முடிப்பேன்.

இதெல்லாம் பிழையில்லை. பிழை என் விரலில் இருந்தது. கதை சொல்லும்போது அந்த வரிகளுக்குக் கீழே என் சுட்டுவிரலை இடமிருந்து வலமாக ஓட்டினேன், வாசிப்பவன் போல. முதல் நாள் ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. இரண்டாம் நாள் தெரிந்துதான் செய்தேன். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த தாய்மார் யன்னலில் நின்று பார்த்தார்கள். அந்தக் கிழமையே சந்தையில் அம்மாவிடம் கேட்டிருக்கிறார்கள், உன்ரை மகன் நோர்வேப் பாஷையும் வாசிப்பானாமே என்று. அம்மா வீட்டுக்கு வந்து என்னிடம் அதைக் கேட்கவில்லை. நேராக ஓம் என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார். நானும் மறுக்கவில்லை.

மூன்று மாதம் அப்படிப் போனது. எங்கள் வீட்டுச் சிறுதெருவான ஒழுங்கையால் நடந்தால் பிள்ளைகள், "சேர், கிழவன் சுகமோ?" என்று கேட்பார்கள். நான் அதுவரை எந்த இடத்திலும் முக்கியமான ஆளாக இருந்ததில்லை.

எங்கள் ஒழுங்கையில் என் வயதில் ஒருவன் இருந்தான். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். அவனுடைய தமையன் நோர்வேக்குப் போய் ஒரு ரீவியும் வீடியோக் கசற் போடுகிற டெக்கும் அனுப்பியிருந்தான். அதனால் ஊர் அவனை டெக்காரன் என்றது. பிள்ளைகளுக்கு அவன் டெக் அண்ணை. அவன் வருகிற இடமெல்லாம் ஒரு கூட்டம் சேரும். அதற்காக அவன் ஒன்றும் செய்வதில்லை, சும்மா வருவான், அவ்வளவுதான். அது எனக்கு முன்பே பிடிக்காது.

ஒரு செவ்வாய்க்கிழமை அவன் சைக்கிளில் வேகமாக வந்து எங்கள் வாசல் படலையில் காலை ஊன்றினான்.

"மச்சான், உன்ரை கிழவன் படத்திலை நடிச்சிருக்கிறார்!"

"எந்தக் கிழவன்?"

"உன்ரை புத்தகக் கிழவன்தான்ரா. அண்ணை கசற் அனுப்பியிருக்கிறார், இஞ்சை பார்."

கசற்றின் பெட்டியில் அதே கிழவன், அதே நாய், அதே மரவீடு. புத்தகத்தைப் படமாக எடுத்திருக்கிறார்கள். என் மூன்று மாதம் அந்தச் சிறிய பெட்டிக்குள் இருந்தது. அவனுக்குப் பின்னால் ஐந்தாறு பிள்ளைகள் ஏற்கெனவே ஓடி வந்திருந்தார்கள். எனக்குக் காட்டுவதற்கு முன் ஒழுங்கை முழுவதும் காட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறான்.

"சேர், நாய் குரைக்குமாம்! மெய்யாக் குரைக்குமாம்!" என்றான் ஒருவன்.

மூன்று மாதமாக நான் தொண்டை நோகக் குரைத்திருக்கிறேன்.

பாடசாலை மண்டபத்தில் எந்தப் படம் போட்டாலும் பொறுப்பான ஒருவர் முதலில் பார்க்க வேண்டும் என்பது சிஸ்ரரின் சட்டம். ஒருமுறை புனிதர் ஒருவரின் வாழ்க்கை என்று போட்ட கசற், யாரோ அதன் மேல் பதிந்திருந்ததால், அரைவாசியில் யாருடையதோ கலியாண வீட்டில் ஒரு மாமா குடித்துவிட்டு ஆடுகிற காட்சியாக மாறிவிட்டது. அதற்குப் பிறகு வந்த சட்டம் அது. டெக்காரன் போய் அனுமதி கேட்டதும் சிஸ்ரர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"அந்தப் புத்தகம் உமக்குத்தான் தெரியும். நீரே படத்தைப் பாரும். சின்னப் பிள்ளையளுக்குச் சரிவருமோ எண்டு வந்து சொல்லும். நீர் சொல்லுறதுதான் முடிவு."

அடுத்த நாள் பின்னேரம் டெக்காரன் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் இருவரும் பார்த்தோம்.

முதல் நிமிடத்தில் பனி விழுந்தது. புத்தகத்தில் நிலம் மட்டும்தான் வெள்ளையாகக் கிடந்தது. இதில் வானத்திலிருந்து மெதுமெதுவாக, சத்தமில்லாமல், அவசரமே இல்லாமல் விழுந்துகொண்டே இருந்தது. நாயின் வாயால் புகை வந்தது. கிழவன் நடக்க நடக்கப் பின்னால் குழி குழியாகக் கால்தடம் விழுந்தது. அவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நன்றாக இல்லாவிட்டால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு முதிய பெண்ணின் குரல் கதை சொன்னது. ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் பிள்ளைகள் அந்தக் குரலுக்கு வாயைப் பிளந்துகொண்டு இருப்பார்கள் என்பது விளங்கியது.

"மனுசி என்ன சொல்லுறா, மச்சான்?" என்று டெக்காரன் கேட்டான்.

"கிழவன் தனிய இருக்கிறார் எண்டுறா."

கொஞ்ச நேரம் கழித்து அவள் நீளமாக ஏதோ சொன்னாள்.

"இப்ப?"

"அதையேதான் திருப்பியும் சொல்லுறா."

அவன் நம்பினான். அந்த நம்பிக்கையும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

பிறகு பனிக்கட்டி வெடித்தது. கிழவன் விழுந்தார். புத்தகத்தில் மார்பு வரைதான் விழுவார். இதில் தலையும் போனது. கறுத்த தண்ணீர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. நாய் ஓடி வந்து குரைத்தது. ஒரு கை வெளியே வந்தது. நாய் சட்டைக் கையைக் கவ்வியது. கிழவன் ஓரத்தில் நெஞ்சை வைத்து, வழுக்கி, மறுபடியும் வைத்து, மெல்ல ஊர்ந்து மேலே வந்தார். என் கைகள் கதிரையை இறுக்கிப் பிடித்திருந்ததைப் பிறகுதான் கண்டேன். அதே நேரத்தில் எனக்குள் ஒன்று சந்தோசப்பட்டது. காரணம் கிடைத்துவிட்டது.

படம் முடிந்ததும் டெக்காரன் என் முகத்தைப் பார்த்தான். "நல்லா இருக்கு, என்ன?"

"எங்கடை பிள்ளையளுக்குச் சரிவராது."

"ஏன்ரா?"

"அவையின்ரை தேப்பன்மார் எல்லாம் கடலிலை. ஆள் தண்ணிக்குள்ளை தாழுறதைக் காட்டினா இரவிலை நித்திரை கொள்ளுவினமோ?"

அவன் டெக்கை நிறுத்தினான். பிறகு, "மெய்தான். நான் உதை யோசிக்கவேயில்லை. படிச்சவன் படிச்சவன்தான்ரா" என்றான். கசற்றை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தான். அவன் என்னோடு சண்டை பிடித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

சிஸ்ரர் அவ்வளவு லேசாக விடவில்லை.

"உம்மடை கதையிலையும் கிழவன் விழுறவர்தானே? ஒரு பிள்ளையும் பயந்ததா நான் காணேல்லை."

"புத்தகத்திலை படம் அசையாது, சிஸ்ரர். பயமா இருந்தா நான் தாளைத் திருப்பிவிடுவன். பிள்ளையின்ரை முகத்தைப் பாத்துப் பாத்துச் சொல்லலாம். படம் ஒருத்தருக்கும் நிக்காது. அது தன்ரை பாட்டுக்குப் போகும்."

இப்போதும் இது சரியான பேச்சு என்றே நினைக்கிறேன். படப் புத்தகத்தைப் படமாக எடுக்கிறவர்கள் இதை யோசிக்கத்தான் வேண்டும். ஒரு பக்கத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்பதைப் பிள்ளையின் கையிலிருந்து பிடுங்கித் தங்கள் கையில் வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அன்றைக்கு நான் அதைப் பிள்ளைகளுக்காகச் சொல்லவில்லை. சிஸ்ரர் தலையை ஆட்டினார். படம் நின்றது.

டெக்காரன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கசற் சிக்கிவிட்டது என்று பிள்ளைகளிடம் சொன்னான். அவர்கள் அவனை விடவில்லை. சைக்கிளுக்குப் பின்னால் ஓடிக்கொண்டே, "டெக் அண்ணை புளுகர்! நாய் குரைக்காதாம், டெக் அண்ணைதான் குரைப்பாராம்!" என்று கத்தினார்கள். அவன் சிரித்துக்கொண்டே போனான். சனிக்கிழமை என் கதைக்கு வந்த பிள்ளைகள் கருவாட்டுக்குச் சிரித்தார்கள், ஆனால் கண் யன்னலில் இருந்தது. நான் குரைத்தபோது பின்வாங்கில் ஒருவன், "படத்திலை எண்டா மெய்யாக் குரைச்சிருக்கும்" என்று முணுமுணுத்தான். பார்க்காத படத்திடம் நான் தோற்றுக்கொண்டிருந்தேன்.

ஒரு கிழமை கழித்து டெக்காரன் வந்தான்.

"மச்சான், ஒண்டு கேக்கிறன், கோவிக்காதை. அந்த விழுற கட்டத்துக்கு மட்டும் துவாய் பிடிச்சா என்ன?"

துவாய் பிடிப்பது எங்கள் ஊர் வழக்கம். வீட்டுக்கு வீடு டெக் ஓடிய காலம் அது. ஒரு அறைக்குள் கைக்குழந்தை முதல் கிழடுகள் வரை இருந்து பார்ப்பார்கள். சின்னவர்கள் பார்க்கக் கூடாத கட்டம் வந்தால் பெரியவர் ஒருவர் எழும்பித் துவாயை விரித்து ரீவிக்கு முன்னால் பிடிப்பார். வேகமாக முன்னால் ஓட்டிவிடலாமே என்றால், ஓட்டினால் கசற் சிக்கும் என்ற பயம். கட்டம் முடிந்ததும், "முடிஞ்சுது, எடுங்கோ" என்று மூலையிலிருந்து யாராவது குரல் கொடுப்பார்கள். அந்த ஆள் எப்படிக் கண்டார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

"நீயே பிடி" என்றான் டெக்காரன். "அந்தத் துண்டை மட்டும் நீ வாயாலை சொல்லு. நீ சொன்னாப் பயப்படாயினம்."

உடனே ஓம் என்றேன். அவன் ஆச்சரியப்பட்டிருப்பான். பிள்ளைகளுக்கு இரங்கினேன் என்று அவன் நினைத்தான். எனக்கு வேறு ஒன்று ஓடியது. படத்தின் உயிரான இடத்தில் அவர்கள் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

துவாய் பிடிப்பதென்றால் போடலாம் என்று சிஸ்ரரும் சம்மதித்தார். அந்த ஞாயிறு, பூசைக்குப் பிறகு, மண்டபத்தில் மேசைக்கு மேல் மேசை வைத்து ரீவியை ஏற்றினோம். நாற்பது பிள்ளைகள் நிலத்தில். சிஸ்ரர் ஓரத்துக் கதிரையில். சுவரோடு சில தாய்மார். நான் வீட்டில் இருந்ததில் பெரிய துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

பனி விழுந்தது. ஒரு சத்தமும் இல்லை. நாற்பது பிள்ளைகள் இருக்கிற இடத்தில் அப்படி ஒரு அமைதியை நான் ஒருநாளும் உண்டாக்கியதில்லை. பிறகு ஆனையிறவு என்று சொன்ன பெட்டை மெல்லக் கேட்டாள்.

"உப்பு மேலயிருந்தோ விழுறது?"

மற்றவர்கள் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் துவாயைத் தோளில் சரிசெய்தேன். நாய் குரைத்தது. பிள்ளைகள் திரும்பிக் குரைத்தார்கள். கிழவன் துளை போட்டார், தூண்டில் விட்டார். உயிரோடு துடிக்கிற மீன் வெளியே வந்து விழுந்தது. "கருவாடு இல்லை!" என்று ஒருவன் கத்தினான், பெரிய சந்தோசத்தோடு.

பனிக்கட்டியில் முதல் கீறல் விழுந்ததும் துவாயை விரித்துக்கொண்டு முன்னால் போனேன்.

"இப்ப என்ன நடக்குதெண்டா, பிள்ளையள், கிழவன் பெரிய மீன் ஒண்டைக் கண்டிட்டார்..."

"சேர், மறைக்காதையுங்கோ!"

"பொறுங்கோ, நான் சொல்லுறன். அந்த மீன் எவ்வளவு பெரிசெண்டா..."

என் முதுகுக்குப் பின்னால் பனிக்கட்டி வெடித்த சத்தம் மண்டபத்தை நிறைத்தது. தண்ணீர்ச் சத்தம். நாயின் ஓலம். நான் குரலை உயர்த்தினேன். பிள்ளைகள் இரண்டு பக்கமும் சரிந்து எட்டினார்கள். நானும் அவர்களோடு சரிந்தேன். துவாயை இன்னும் அகலமாக விரித்தேன்.

"விழுந்திட்டாரோ? சேர், ஆள் விழுந்திட்டாரோ?"

"விழுந்தவர்தான், ஆனா..."

"கயிறு எறியச் சொல்லுங்கோ!"

"பலகை! பலகையைப் போடு!"

"நெஞ்சை வைக்கச் சொல்லுங்கோ சேர், விளிம்பிலை நெஞ்சை வைக்கச் சொல்லுங்கோ!"

பயந்தவர்களின் குரல் இல்லை அது. வள்ளத்திலிருந்து ஆள் விழுந்தால் எப்படி ஏற்றுவது என்று அந்தப் பிள்ளைகளுக்கு நடக்கத் தொடங்கியபோதே தெரியும். வேலை தெரிந்தவர்கள் வேலை சொல்லிக்கொண்டிருந்தார்கள், நான் துவாயோடு குறுக்கே நின்றேன். அப்போதுதான் முன்னால் இருந்த மிகச் சின்னப் பிள்ளை அழத் தொடங்கியது. துவாயைக் கையால் பிடித்து இழுத்துக்கொண்டே அழுதது.

"ஆள் வந்திட்டாரோ? ஆள் வந்திட்டாரோ?"

அதற்கு நான் சொன்ன பதில் இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. "பொறு, நான் இன்னும் அதுக்கு வரேல்லை" என்றேன்.

சிஸ்ரர் எழும்பிவிட்டார். "துவாயை எடும்."

எடுத்தேன். கிழவன் அடுப்புக்குப் பக்கத்தில் கம்பளியைப் போர்த்துக்கொண்டு இருந்தார். நாய் அவருடைய காலடியில் கிடந்தது. எல்லாம் முடிந்திருந்தது.

"எப்பிடி ஏறினவர்?" என்றான் பின்னால் இருந்தவன்.

"நாய் இழுத்து..." என்று தொடங்கினேன்.

"நாய் இழுத்து ஆள் வராது சேர்." அவன் என்னைப் பார்க்கவே இல்லை. "டெக் அண்ணை, றீவைண்ட் பண்ணுங்கோ!"

நாற்பது குரலும் அதைப் பிடித்துக்கொண்டன. கசற் சிக்கினால் சிக்கட்டும் என்று டெக்காரன் பின்னால் ஓட்டினான். கிழவன் மறுபடி விழுந்தார். இந்த முறை நான் சுவரோடு நின்றேன். "இழு! விடாதை! நெஞ்சை வை!" என்று மண்டபம் அதிர்ந்தது. அவர் நெஞ்சை வைத்து ஏறியதும் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையை ஆட்டினார்கள், சரியாகத்தான் செய்தார் என்பது போல. அழுத பிள்ளை வாயில் விரலை வைத்துக்கொண்டு அமைதியாகப் பார்த்தது.

கடைசியில் வெயில் வந்து பனி கரைந்தது. அந்த முதிய பெண் மெதுவாக ஏதோ சொன்னாள். பெட்டை என் பக்கம் திரும்பினாள்.

"சேர், அந்த அம்மா என்ன சொல்லுறா?"

இப்போதும் ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு ஒன்று நாக்கில் வந்தும் விட்டது.

"எனக்குத் தெரியாது" என்றேன். "எனக்கு அந்தப் பாஷை தெரியாது. நான் அந்தப் புத்தகத்தை வாசிக்கேல்லை."

சுவரோடு நின்ற தாய்மார் என்னைப் பார்த்தார்கள். டெக்காரன் பார்த்தான். பெட்டை மட்டும் ஆச்சரியப்படவில்லை.

"அது தெரியும் சேர். ஒவ்வொரு கிழமையும் வேறை வேறையாத்தானே வாசிச்சனீங்கள்."

இதைச் சொல்லிவிட்டு அவள் உடனே படத்துக்குத் திரும்பிவிட்டாள். அதுதான் எனக்கு அதிகம் பட்டது. என் பொய்யை அவள் வைத்து எடைபோட்டுக்கூடப் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு அதைவிட நல்லது ஒன்று முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

பிள்ளைகள் வெளியே ஓடியதும் சிஸ்ரர் என்னிடம் வந்தார்.

"இப்ப சொல்லும். இது சின்னப் பிள்ளையளுக்குச் சரிவருமோ, வராதோ?"

"வரும், சிஸ்ரர்."

"முதல் நாளும் அது உமக்குத் தெரியும், என்ன?"

"ஓம்."

"பின்னை ஏன் அப்பிடிச் சொன்னனீர்?"

டெக்காரன் இரண்டடி தள்ளி வயர் சுற்றிக்கொண்டிருந்தான். அவனுக்கும் கேட்கும் என்று தெரிந்துதான் சொன்னேன். "எரிச்சல், சிஸ்ரர். நான் மூண்டு மாசமாச் சொன்ன கதை. அவையள் என்னை விட்டிட்டுப் போயிடுவினம் எண்டு நினைச்சன்."

சிஸ்ரர் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"வாற ஞாயிறு பெரிய வகுப்புக்கும் போடுவம். நீரும் வாரும். துவாய் கொண்டு வரவேண்டாம்."

டெக்காரன் ரீவியைத் தூக்கித் தோளில் வைத்தான். இரண்டு பெரிய பொடியன்கள் டெக்கைச் சுமந்தார்கள். மற்றப் பிள்ளைகள் முன்னும் பின்னுமாக, கோயில் சுற்றுப்பிரகாரத்தில் புனிதரின் சுரூபத்தோடு போவதுபோல் அவனைச் சூழ்ந்துகொண்டு ஒழுங்கையால் நடந்தார்கள். பனி எப்படிச் செய்வது, அது இனிக்குமா, அதன் மேல் ஓடினால் வழுக்குமா என்று அவனைக் கேட்டார்கள். அவனுக்கு ஒன்றும் தெரியாது. "அண்ணைக்குக் கடிதம் போட்டுக் கேக்கிறன்" என்றான். அதுவே அவர்களுக்குப் போதுமாக இருந்தது. எனக்கு அதற்கெல்லாம் பதில் தெரியும், புவியியலில் படித்தது. ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.

நான் பின்னால் வயர்ச் சுருளைத் தூக்கிக்கொண்டு போனேன். உண்மையைச் சொன்னால் மனம் லேசாகும் என்பார்கள். எனக்கு ஆகவில்லை. டெக்காரனின் தோளில் இருந்த, ஒன்றும் ஓடாத அந்த இருண்ட கண்ணாடியைப் பார்க்கவே எனக்கு எரிந்தது.

டெக்காரன் நடையைத் தளர்த்தி எனக்குப் பக்கத்தில் வந்தான். நான் சொன்னதைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை.

"சனிக்கிழமை கதை இருக்கோ மச்சான்? பொடியள் கேக்கிறாங்கள்."

"இருக்கு."

"எந்தப் புத்தகம்?"

"உன்ரை அண்ணையின்ரை கையிலை படமாக் கிடைக்காத புத்தகம் ஒண்டு."

அவன் ரீவி ஆட ஆடச் சிரித்தான். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.